பின்னால் நடந்து வருகிறவர்



காலை வேளையில் யாழ்ப்பாணப் பஸ் நிலையத்தில் 776ஆம் இலக்கப் பஸ்ஸுக்காகக் காத்து நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நயினாதீவுக்கு நேர்த்தியோடு போகிற குடும்பங்கள், தீவுப் பாடசாலைகளில் படிப்பிக்கிற ஆசிரியர்கள், ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக்கொண்டு ஊர் திரும்புகிற முதியவர்கள். சில வருடங்களாக அந்த வரிசையில் புதிதாகச் சிலரும் நிற்கிறார்கள். முதுகில் பெரிய பை, கையில் தண்ணீர்ப் போத்தல். அநேகமாகக் கணவனும் மனைவியுமாக இருவர் இருவராக வருகிறார்கள். முன்னர் வெளிநாட்டவரை மட்டுமே இப்படிக் கண்டோம். இப்போது கொழும்பிலிருந்தும் வருகிறார்கள். நம் திருநெல்வேலிப் பிள்ளைகளும் போகிறார்கள். பண்ணைப் பாலம் தாண்டி, வேலணையும் புங்குடுதீவும் கடந்து, குறிகட்டுவான் துறையில் இறங்கி, அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கடலில் போனால் நெடுந்தீவு. அங்கே தங்கி, கடற்கரை வழியே நடந்து, இரண்டொரு நாளில் திரும்பி வருகிறார்கள்.

இவர்களைப் பற்றி நம் பங்கில் ஒரு முணுமுணுப்பு இருக்கிறது. என் காதிலும் விழுந்தது. "கலியாணம் கட்டி ஆறு மாதம் ஆகேல்லை, பையைத் தூக்கிக்கொண்டு தீவு தீவாத் திரியுதுகள். உந்தக் காசுக்கு வீட்டிலை ஒரு அறை போட்டிருக்கலாம்." சொன்னவர்கள் நல்லவர்கள், ஞாயிறு தவறாமல் முன்வாங்கில் இருப்பவர்கள். அவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பதும் எனக்கு விளங்குகிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நாம் இப்போது கேட்ட நற்செய்தியோடு கொஞ்ச நேரம் இருப்போம்.

உயிர்த்த ஞாயிறன்று மாலை. எருசலேமிலிருந்து எம்மாவுக்கு இருவர் நடந்து போகிறார்கள். தூரத்தைப் புனித லூக்கா சொல்கிறார்: அது இன்றைய கணக்கில் ஏறக்குறைய 11 கிலோமீட்டர். நம் திருநெல்வேலிச் சந்தியிலிருந்து தெல்லிப்பழைப் பக்கம் வரை நடந்துபோகிற அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரின் பெயர் கிளயோப்பா. மற்றவரின் பெயரை லூக்கா சொல்லவில்லை. இயேசுவின் சிலுவையடியில் நின்ற பெண்களில் குளோப்பாவின் மனைவி மரியாவும் இருந்தார் என்று யோவான் நற்செய்தியில் வாசிக்கிறோம். இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று கொண்டு, எம்மாவு வழியில் நடந்த அந்த இரண்டாமவர் கிளயோப்பாவின் மனைவியாக இருக்கலாம் என்று விவிலிய அறிஞர் சிலர் கருதுகிறார்கள். திருச்சபை இதை முடிவாகச் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நினைப்பு என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது. ஊர் வந்ததும் இருவரும் சேர்ந்துதான், வழியில் தங்களோடு வந்து சேர்ந்த வழிப்போக்கரை மறிக்கிறார்கள். பொழுது சாய்ந்துவிட்டது, எங்களோடு தங்குங்கள் என்று வற்புறுத்துகிறார்கள். அடுப்பும் பாயும் உள்ள ஒரு வீட்டுக்காரர் பேசுகிற பேச்சு அது. ஒரு குடும்பத்தின் குரல் எனக்கு அதில் கேட்கிறது.

இந்த இருவரும் எந்தத் திசையில் போகிறார்கள் என்று கவனித்தீர்களா? எருசலேமை விட்டுப் போகிறார்கள். கல்லறை வெறுமையாக இருக்கிறது என்று பெண்கள் வந்து சொன்ன பிறகும், மற்றச் சீடர்களை விட்டுவிட்டு எதிர்த்திசையில் போகிறார்கள். நம்பிக்கை முறிந்துவிட்டது. அப்படிப் போகிறவர்களின் அருகில் உயிர்த்த ஆண்டவர் வந்து சேர்கிறார். அவர் அவர்களை மறித்து, திரும்பிப் போங்கள் என்று கட்டளையிட்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அவர்கள் போகிற பக்கமே போகிறார். என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்கிறார். அவர்கள் முகவாட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள், அவரும் நிற்கிறார். தன் மரணத்தின் கதையைத் தனக்கே அவர்கள் சொல்ல, முழுவதையும் பொறுமையாகக் கேட்கிறார். கண்டிக்கிறார், உண்மைதான், விசுவசிக்க மந்தமான உள்ளம் உங்களுக்கு என்கிறார். ஆனால் கண்டித்துவிட்டு முன்னால் போய்விடவில்லை. சாவை வென்று வந்தவர், அந்தப் பின்னேரம் முழுவதையும் களைத்துப்போன இரண்டு பேரின் நடைக்கு நடையாகச் செலவழிக்கிறார்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டில் களைத்து, பின்தங்கி நடக்கிறவர் யார்? அவருக்காக நீங்கள் கடைசியாக நின்றது எப்போது?

நம் பங்கில் திருமண அருட்சாதனம் பெற்ற ஓர் இளம் தம்பதி நெடுந்தீவுக்குப் போய் வந்த கதையை அவர்களுடைய சம்மதத்தோடு சொல்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன். நீங்களும் யாரென்று ஆராய வேண்டாம். நெடுந்தீவு பெரிய தீவு, ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர். அங்கே போகிற பலர் மாவிலித்துறையில் இறங்கிய உடனே ஒரு வாகனம் பிடித்து, இடிந்த கோட்டையையும் பெருக்க மரத்தையும் புறாக்கூட்டையும் அவசரமாகப் பார்த்துவிட்டு, அன்றைக்கே அடுத்த வள்ளத்தில் திரும்பிவிடுவார்கள். இவர்கள் அப்படிப் போகவில்லை. ஒரு வீட்டில் தங்கி, கரை வழியாகத் தெற்கு மூலையில் உள்ள பழைய கோபுரம் வரை நடப்பது என்று தீர்மானித்தார்கள்.

சோழகக் காற்றுக் காலம். நெடுந்தீவுக் கரையில் பல இடங்களில் மணல் இல்லை, உடைந்த பவளக் கற்கள்தான். கால் புரளும், செருப்பு அறும். மனைவிக்கு வேகமாக நடக்க முடியவில்லை. தம்பிக்கோ வெயில் ஏற முன்னர் போய்ச் சேர வேண்டும். அவர் முன்னால் நடந்தார். திரும்பித் திரும்பி "கெதியா வாரும்" என்றார். முதலில் அவள் பதில் சொன்னாள். பிறகு பேசுவதை விட்டுவிட்டாள். இடைவெளி கூடியது. அப்போது அவர் மனதில் ஒரு கணக்கு ஓடத் தொடங்கியதாம். இந்தப் பயணத்தில் மட்டுமா பிந்துகிறாள், கலியாண நாளிலும் பிந்தினாள், வேலைக்கு விண்ணப்பிப்பதிலும் பிந்தினாள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக. பின்னால் வந்தவள் மனதிலும் ஒரு கணக்கு: அம்மா வீட்டில் அன்று சொன்ன சொல், தாலி வாங்கும்போது நடந்த பேச்சு. காற்றும் கடலும் அவ்வளவு அழகாக இருக்க, இருவரும் ஆளுக்கொரு கணக்கை எழுதிக்கொண்டு போனார்கள்.

ஒரு வீட்டு வேலியருகில் நின்ற ஓர் ஆச்சிதான் மறித்தாவாம். "தம்பி, கொஞ்சம் நில்லு மோனை. பின்னாலை வாறது உன்ரை பெண்சாதி எல்லோ? அவளை விட்டிட்டு நீ ஆரைப் பார்க்கப் போறாய்?" அவ்வளவுதான் கேட்டா. பிறகு உள்ளே கூப்பிட்டு, இருவருக்கும் ஒரே செம்பில் தண்ணீர் கொடுத்தா. நெடுந்தீவில் குடிதண்ணீர் என்ன விலை என்பது தீவகத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். அநேக கிணறுகள் உவர். நல்ல தண்ணீருக்குத் தூரம் போக வேண்டும். அந்தத் தண்ணீரைத்தான் முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு அள்ளிக் கொடுத்தா. பவுலும் அவரோடு இருந்தவர்களும் கப்பல் உடைந்து மால்ட்டாத் தீவில் கரையேறியபோது, அந்தத் தீவார் மழையில் நனைந்தவர்களுக்குத் தீ மூட்டிக் கொடுத்தார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூலில் வாசிக்கிறோம். தீவுச் சனங்களின் கை இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

மறுநாள் அவள் முன்னால் நடந்தாள். அவளுடைய பையிலிருந்த பாரத்தில் பாதியைத் தன் பையில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தார். வந்து என்னிடம் அவர் சொன்னது இதுதான்: "பாதர், அண்டைக்குத்தான் குதிரையளைக் கண்டம். முதல் நாளும் அதே வெளியாலைதான் போனனாங்கள். நான் ஒண்டையும் காணேல்லை." போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன குதிரைகளின் வழியில் வந்தவை, அந்தத் தெற்கு வெளியில் காட்டுக் குதிரைகளாக மேய்கின்றன. இத்தனை பெரிய விலங்குகள் கூட்டமாக நிற்க, அவர் கண்ணில் முதல் நாள் படவில்லை.

எம்மாவுச் சீடருக்கும் கண்கள் மறைக்கப்பட்டிருந்தன. யார் கூட வருகிறார் என்று வழி நெடுகத் தெரியவில்லை. அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோது கண் திறந்தது. நமக்கும் அப்படித்தான் நடக்கிறது. அவசரப்படுகிறவன் கடவுளையும் காண மாட்டான், பக்கத்தில் இருக்கிற மனுசியையும் காண மாட்டான். ஆனால் பயப்படாதீர்கள். அந்தக் குதிரைகள் மறுநாளும் அங்கேதான் நின்றன. நாம் காணாமல் கடந்துபோன இரக்கம் எங்கும் போய்விடுவதில்லை. திரும்பி வருகிறவனுக்காக ஆண்டவர் அதே வெளியில் காத்திருக்கிறார்.

இப்போது அந்த முணுமுணுப்புக்கு வருகிறேன்.

நம் பங்கின் பெரியவர்களே, நீங்களும் பொதி சுமந்து நடந்தவர்கள். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவை யாரும் உங்களுக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பியது. கையில் அகப்பட்டதைச் சாக்கில் கட்டிக்கொண்டு, செம்மணி வெளியைத் தாண்டி, நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கான சனம் அடி அடியாக நகர்ந்தது. மழை வேறு. ஒரு கிலோமீட்டர் போக மணிக்கணக்கானது. அந்தச் சனத்தில் நம் திருநெல்வேலியும் இருந்தது. உங்களுக்குப் பொதி என்றால் அந்த இரவு. தோளில் பை மாட்டிக்கொண்டு நடப்பதென்றால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பது. ஆகவே உங்கள் பிள்ளைகள் சந்தோசத்துக்காகப் பை தூக்கும்போது மனம் ஏற்க மறுக்கிறது. அதில் குற்றம் இல்லை. அது ஆறாத காயம்.

இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளைகள் போகிற அந்தக் கடல் வெறும் கடல் அல்ல. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி, மாவிலித்துறையிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, பெண்களையும் குழந்தைகளையும்கூட விடாமல் கொன்றார்கள். நெடுந்தீவில் அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. வருடா வருடம் அங்கே விளக்கேற்றுகிறார்கள். சிரித்துக்கொண்டு வள்ளத்தில் ஏறுகிற பிள்ளைகளே, அந்தத் துறையில் இறங்கும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். அவர்களுடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். அவர்களும் பயணிகளாகத்தான் புறப்பட்டார்கள்.

ஆனால் பெரியவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த இரவில் நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் நின்றபோது நீங்கள் என்ன செபித்தீர்கள்? என் பிள்ளைகளாவது பயமில்லாமல் நடக்கிற காலம் வரவேண்டும் என்று கேட்கவில்லையா? இன்று உங்கள் மகளும் மருமகனும் யாருக்கும் பயப்படாமல் ஒரு தீவின் கரையில் நடக்கிறார்கள். சோதனைச் சாவடி இல்லை, பாஸ் இல்லை, இரவில் ஷெல் இல்லை. அவர்கள் பையில் இருப்பது மாற்று உடுப்பும் தண்ணீரும் பிஸ்கட்டும். அன்று உங்கள் பையில் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இருந்தன. நீங்கள் கேட்ட செபத்துக்கு ஆண்டவர் தந்த பதில்களில் இதுவும் ஒன்று என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். எல்லாச் செபத்துக்கும் பதில் வந்துவிடவில்லை. காணாமற்போனவர்களின் தாய்மார் இன்னும் படத்தை ஏந்திக்கொண்டு வீதியோரத்தில் இருக்கிறார்கள். அதை மறந்து நான் பேசவில்லை. கிடைத்த இரக்கத்தை இரக்கம் என்று கண்டுகொள்ளுங்கள் என்றே கேட்கிறேன்.

உலகத்தின் மறுகோடியிலும் இப்படி ஒரு தீவு இருக்கிறது. பிறேசில் நாட்டில், றியோ டி ஜெனீரோ மாநிலக் கரைக்கு அப்பால் உள்ள அந்தத் தீவின் பெயர் இல்யா கிரான்டே. காடு மூடிய பெரிய தீவு. அங்கே போகிறவர்கள் கார் கொண்டுபோக முடியாது. பையை முதுகில் போட்டுக்கொண்டு காட்டுப் பாதையால் ஒரு கடற்கரையிலிருந்து மற்றக் கடற்கரைக்கு நடந்து போகிறார்கள். அதன் முக்கிய ஊருக்கு ஆபிரகாம் என்று பெயர். லோப்பஸ் மென்டஸ் என்ற நீண்ட வெண்மணல் கரைக்கு நடந்துபோக உலகெங்குமிருந்து தம்பதிகள் வருகிறார்கள். ஆனால் ஒரு காலத்தில் அந்தத் தீவுக்கு விருப்பத்தோடு போனவர்கள் குறைவு. நோய் பரவும் என்ற பயத்தில் கப்பற் பயணிகளைத் தனிமைப்படுத்தி வைத்த இடம் அது. பிறகு கைதிகளை அடைத்துவைக்கும் சிறை அங்கே இருந்தது. அது 1994இல்தான் மூடப்பட்டது. கைதிகள் வாழ்ந்த தீவில் இன்று இளம் கணவனும் மனைவியும் பயமின்றி நடக்கிறார்கள். கண்ணீர் விழுந்த மண்ணில் மறுபடி சிரிப்புக் கேட்பதை நம் ஆண்டவர் விரும்புகிறார். நெடுந்தீவிலும் அதை விரும்புகிறார்.

பொதியோடு தீவில் இரவு தங்குவது நமக்குப் புதிதும் அல்ல. தவக்காலத்தில் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் போனவர்கள் உங்களில் எத்தனை பேர்! குடியிருப்பு இல்லாத, குடிதண்ணீர் இல்லாத, 285 ஏக்கர் தீவு. பாய், போர்வை, சோற்றுப் பார்சல், தண்ணீர் என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டுதான் போகிறோம். மாலையில் சிலுவைப்பாதை, இரவு மணலில் படுக்கை, விடியத் திருப்பலி. இராமேசுவரப் பக்கமிருந்து வந்த குடும்பம் ஒன்று பக்கத்தில் பாய் விரிக்கும். போர்க்காலத்தில் நெடுநாள் நின்றுபோயிருந்த அந்த வழி மறுபடி திறந்ததே! அந்த இரவில் வானத்தைப் பார்த்துக்கொண்டு மனைவியோடு பேசியது போல வீட்டில் பேசவில்லை என்று ஒரு வயோதிபர் என்னிடம் சொன்னார். தன் திருமணத்துக்கு நாற்பது வருடத்துக்குப் பின் அதைச் சொன்னார்.

பெரியவர்களே, இன்னொன்றையும் நீங்கள் மறந்துவிட்டீர்கள். 1995இல் நீங்கள் எப்படி நடந்தீர்கள்? வயதான தாயைச் சைக்கிள் கரியரில் இருத்தி, ஒருவர் பிடிக்க ஒருவர் தள்ளி நடந்தீர்கள். கர்ப்பிணிப் பெண் களைத்தபோது குடும்பமே வீதியோரத்தில் இருந்தது. சின்னவன் அழுதபோது பொதியை எறிந்துவிட்டு அவனைத் தூக்கினீர்கள். அந்த இரவில் யாரும் உங்களுக்கு மறையுரை சொல்லவில்லை. ஆனால் மெல்ல நடக்கிறவரின் வேகமே குடும்பத்தின் வேகம் என்பதை நீங்கள் செய்து காட்டினீர்கள்.

யாக்கோபும் அதைத்தான் செய்தார். இருபது வருடப் பகைக்குப் பின் ஏசாவைச் சந்திக்கிறார். அண்ணன் தம்பி கட்டிப்பிடித்து அழுகிறார்கள். வா, சேர்ந்து போவோம் என்று ஏசா அழைக்கிறார். யாக்கோபு மறுத்துச் சொல்லும் காரணத்தைத் தொடக்கநூல் 33ஆம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள். பிள்ளைகள் இளசுகள், ஆடுமாடுகள் பால் கொடுக்கின்றன, ஒரு நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை செத்துப்போகும், நீங்கள் முன்னே போங்கள், நான் மந்தையின் நடைக்கும் பிள்ளைகளின் நடைக்கும் ஏற்றபடி மெல்ல வருகிறேன் என்கிறார். இளமையில் அண்ணனை முந்துவதற்காக ஏமாற்றிய அதே யாக்கோபு! கடவுளோடு ஓர் இரவு போராடி, இடுப்புச் சந்து விலகி, நொண்டிக்கொண்டு நடக்கிற நிலையில்தான் அவருக்கு இந்த இரக்கம் வந்தது. நொண்டாத ஆளுக்கு நொண்டுகிறவரின் நடை விளங்குவது கடினம். உங்கள் குடும்பத்துக்கு வந்த வருத்தங்களை ஆண்டவர் வீணாக விடமாட்டார்.

பையைப் பற்றியும் கொஞ்சம். இயேசு சீடரை இருவர் இருவராக அனுப்பியபோது உணவு, பை, இடைக்கச்சையில் காசு ஒன்றும் எடுக்கவேண்டாம் என்றார்; கைத்தடியும் செருப்பும் போதும் என்றார். முதுகுப் பையோடு தீவுக்குப் போனவர்கள் எல்லோரும் முதல் நாள் மாலையே ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்கள்: தேவையில்லாத எத்தனை சாமான் தூக்கி வந்தோம்! ஆனால் துணியையும் போத்தலையும் குறைத்துவிடலாம். கலியாண நாளிலிருந்து சுமக்கிற சொற்களை என்ன செய்வது? சீதனப் பேச்சில் வாய் தவறி வந்த ஒரு வார்த்தை. மாமியார் பந்தியில் சொன்ன ஒரு குத்தல். கடன்பட்ட கதை, மறைத்த கதை. நம் வீடுகளில் பதினைந்து, இருபது வருடப் பழைய சொற்களைப் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறோம். சண்டை வரும்போது எடுத்து விரிக்கிறோம். நீங்கள் எதைச் சுமக்கிறீர்கள்? யாருக்கு எதிராகச் சுமக்கிறீர்கள்?

அதை இறக்கிவைக்க இடம் இருக்கிறது. ஒப்புரவு அருட்சாதனம் அதற்காகத்தான். உங்களை விசாரிக்க நான் அங்கே இருப்பதில்லை. இறக்கிவைத்த பொதியை மறுபடி தூக்க வேண்டாம் என்று ஆண்டவர் பெயரால் சொல்வதற்காக இருக்கிறேன்.

நெடுந்தீவில் வீட்டுக்கு வீடு கல்வேலிகள் இருக்கின்றன. பவளக் கல்லைச் சுண்ணாம்போ சீமெந்தோ இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. ஒரு கல்லும் ஒழுங்கான வடிவம் இல்லை. இதன் மேட்டுக்கு அதன் பள்ளம் பார்த்துப் பொறுமையாக வைத்திருக்கிறார்கள். இடையில் ஓட்டைகள் இருக்கும். காற்று அதற்குள்ளால் போய்விடும். சோழகம் எவ்வளவு அடித்தாலும் அவை தலைமுறை தலைமுறையாக நிற்கின்றன. கலியாணமும் அப்படி அடுக்கப்படுவதுதான். ஓட்டையே இல்லாத குடும்பம் வேண்டுமென்று தவிக்காதீர்கள். உங்கள் மேட்டுக்கு அவருடைய பள்ளம், அவருடைய மேட்டுக்கு உங்கள் பள்ளம். கல் சரிந்தால் எடுத்து மறுபடி வையுங்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் குடும்ப அன்பைப் பற்றி எழுதிய மடலில், குறைகளோடு நடக்கிற குடும்பங்களோடு கூட நடக்கும்படி எங்களைப் போன்ற மேய்ப்பர்களிடம் கேட்டுக்கொண்டார். நான் அதைச் செய்ய விரும்புகிறேன்.

கூட நடக்க ஆளில்லாதவர்களும் இங்கே இருக்கிறீர்கள். கணவர் கனடாவிலோ சுவிஸிலோ. விசா வரும் வரும் என்று வருடங்கள் போகின்றன. ஃபோன் திரையில் மட்டும் குடும்பம். போரில் துணையை இழந்தவர்கள் இருக்கிறீர்கள். பிரிந்து வாழ்கிறவர்களும் இருக்கிறீர்கள். நீங்கள் பின்வாங்கில், கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். இந்த நற்செய்தி தம்பதிகளுக்கு மட்டும் என்று எண்ணி எழுந்து போய்விடாதீர்கள். எம்மாவு வழியில் மூன்றாவதாக வந்து சேர்ந்தவர், தனியே நடக்கிறவருக்கு இரண்டாவதாக வந்து சேர்கிறார். நற்கருணை வாங்கிக்கொண்டு நீங்கள் வீடு திரும்பும்போது பலாலி வீதியில் உங்களுக்குப் பக்கத்தில் நடக்கிறவர் அவரே. முன்வாங்கில் இருக்கிறவர்களே, வெளியே போகும்போது கதவடியில் நிற்கிறவர்களோடு ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.

தீவுக்குப் போகிற இளையவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். நெடுந்தீவின் அந்தத் தெற்கு வெளியை 2015இல் தேசிய பூங்காவாக அறிவித்தார்கள். வறட்சி வந்தால் அங்கே குதிரைகள் தண்ணீருக்குத் தவிக்கின்றன, செத்தும் போயிருக்கின்றன. வாயில்லாத சீவன்கள் மேயும் இடத்தில் வெற்றுப் போத்தலையும் பொலித்தீனையும் போட்டுவிட்டு வராதீர்கள். கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். ஆச்சிமார் தண்ணீர் தந்தால் அளவாகக் குடியுங்கள். திரும்பும்போது அவர்கள் கையில் எதையாவது கொடுத்துவிட்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே இருந்தால் அந்தப் பங்கின் திருப்பலிக்குப் போங்கள்.

எல்லோருக்கும் தீவுக்குப் போக வசதி இருக்காது. பரவாயில்லை. இந்தக் கிழமையில் ஒரு பின்னேரம், கணவனும் மனைவியும் ஃபோனை வீட்டில் வைத்துவிட்டு, கால்நடையாக எங்கேயாவது போய் வாருங்கள். சந்தைப் பக்கம் போனாலும் சரி, கொண்டாவில் தோட்ட வெளியால் நடந்தாலும் சரி. மெல்ல நடக்கிறவர் முன்னால் நடக்கட்டும். கதைக்க ஒன்றும் இல்லாவிட்டால் கதைக்காமல் நடவுங்கள். இருட்ட முன்னர் வீட்டுக்கு வந்து, இருவரும் ஒரே கோப்பையில் சாப்பிடுங்கள். சாப்பிட முன்னர், எங்களோடு தங்கும் ஆண்டவரே என்று கேளுங்கள்.

மாமன்மாரே, மாமிமாரே, புதிதாகக் கலியாணம் கட்டிய பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கும்போது முகம் சுளிக்காதீர்கள். வள்ளக் கூலிக்கு ஒரு தாள் காசையும் ஒரு போத்தல் தண்ணீரையும் கையில் கொடுத்து, நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புங்கள். பொதி இறக்க வேண்டியவர்கள் திருப்பலி முடிந்ததும் வாருங்கள். பத்து மணி வரை நான் குருமனையில் இருப்பேன், கதவு திறந்திருக்கும்.